அட்டையில் இருப்பதைப் படிக்கவும்

"படிக்கத் தெரியாதவங்க இப்பவே தனியா நின்னுடுங்க. அடுத்த கப்பல்லயே திரும்பிப் போயிடலாம்."

துறைமுகக் கூடத்தில் குடியேற்ற அதிகாரி போட்ட சத்தத்தில் தச்சர் ஓரடி பின்வாங்கினார்.

"இந்த ஆளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கான்னே தெரியல," என்று முணுமுணுத்தாள் அவர் மனைவி.

தச்சருக்கு மரம் தெரியும், எழுத்து தெரியாது. ஆனால் முன்னமே வந்து கரையிறங்கிய அவர் தம்பி, இங்கே படிக்கக் கொடுக்கும் அட்டையில் என்ன இருக்கிறது என்று வார்த்தை பிசகாமல் கடிதம் போட்டிருந்தான். மூன்று வாரக் கப்பல் பயணத்தில், குமட்டலுக்கு நடுவிலும், அவள் அதைப் புருஷனுக்கு உருப்போட வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டுக் கேட்டு, கடைசியில் கப்பல் பூனையைத் தவிர எல்லோருக்கும் மனப்பாடம்.

"அடுத்த ஆள்."

தச்சர் அட்டையை வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் உழைத்துப் பிழைப்பேன். சட்டத்தை மதிப்பேன். பக்கத்து வீட்டாரோடு சண்டை போடமாட்டேன்."

பின்னால் நின்ற மனைவிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நல்லாப் படிச்சீங்க. போங்க."

முத்திரை விழுந்தது. தச்சர் கதவுக்கு அந்தப் பக்கம் போய், மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்.

அவள் ஆறாவது வரை படித்தவள். அதே அட்டையை அவள் நேராகத்தான் பிடித்தாள். பிடித்ததும் மீதி உயிரும் போனது.

'பசு ஒரு சாதுவான மிருகம். அதற்கு நான்கு கால்கள் உண்டு.'

உள்ளதைப் படித்தால் அவள் தப்பித்துக்கொள்வாள். அவர் மறுபடி கப்பல் ஏற வேண்டியதுதான்.

"என்னம்மா, படிக்கத் தெரியுமா, தெரியாதா?"

அவள் பசுவைப் பார்த்தாள். கதவருகே மீசையைப் பார்த்தாள்.

"நான் உழைத்துப் பிழைப்பேன்..." என்று ஆரம்பித்து, பக்கத்து வீட்டாரோடு சண்டை போடாமல் ஒரு வழியாக முடித்தாள்.

முத்திரை விழுந்தது. போகத் திரும்பியவளை அதிகாரி குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியும்போல."

அவள் நின்றாள். "எப்படிச் சொல்றீங்க?"

"அட்டையை மாத்தி ஒரு வாரம் ஆச்சும்மா. இதுவரைக்கும் அதைப் பார்த்து முழிச்சது நீங்க ஒருத்தர்தான்."