சுடாத விமானம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: பெரியவர், அவர் மகன், மருமகள், வீட்டு மாப்பிள்ளை. பிரசவத்துக்குப் போய் மருத்துவமனையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய மருமகள் அதன்பின் சிரிக்கவே இல்லை. அவளுக்காகத்தான் மகன், கையடக்க கேம் கருவியில் மலிவு விலை விமானச் சண்டை விளையாட்டு ஒன்றை வாங்கியிருந்தான். இருவர் ஜோடியாகப் பறந்து எதிரிகளைச் சுட வேண்டும்.

"உனக்கு ஜோடியா நான் வரேம்மா," என்று பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சுடுங்க மாமா! குறுக்க குறுக்கப் போய் அடி வாங்குறீங்களே!" மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார்.

பெரியவரின் விமானம் வெடித்தது. மருமகள் கடைசி எதிரியையும் வீழ்த்திக் கைகொட்டிச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"எனக்கு வந்த குண்டையெல்லாம் நீங்களே வாங்கிக்கிட்டீங்களா, மாமா?"

"கை தடுமாறிடுச்சும்மா."

பெரியவருக்குச் சுடத் தெரியாது என்று மாப்பிள்ளை உறவுக்கெல்லாம் சொல்லிவருகிறார். அது தவறு. முந்தின நாளே தனியாக உட்கார்ந்து அத்தனை எதிரிகளையும் சுட்டு வீழ்த்தியவர் அவர்.