சேட்டுக்கு ஆகாதது

தவமணி லோடு இறக்கிவிட்டு வரும்போதெல்லாம் தெருமுனையில் மூன்று முறை ஹாரன் அடிப்பான். அடுத்த நொடி அவன் நாய் சேட்டு வாசலுக்குப் பாய்ந்து வந்துவிடும். இந்த முறை லாரியை பைபாஸிலேயே நிறுத்தினான். தன் வாடை தெரியாமலிருக்க பங்க் குழாயில் சோப்புப் போட்டுக் குளித்து, புதுச் சட்டை மாட்டி, செருப்பைக் கையில் பிடித்தபடி உச்சிவெயிலில் நடந்து வந்தான்.

சேட்டின் இதயத்துக்குள் நூல்நூலாகப் புழுக்கள் நெளிவதை டாக்டர் ஸ்கேனில் கண்டுபிடித்திருந்தார். கொசு கடித்து வந்ததாம். போட்ட ஊசியில் புழுக்கள் செத்துவிட்டன. ஆனால் அவை உள்ளேயே கிடந்து கரைய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ரத்தம் வேகமெடுத்தால் நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும்.

"ஓடக் கூடாது, துள்ளக் கூடாது. சந்தோஷமே படக் கூடாதுன்னு வச்சுக்கங்களேன்." டாக்டர் சொன்னதை மனைவி பேச்சி போனில் அப்படியே ஒப்பித்திருந்தாள்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கட்டியே பழக்கமில்லாத நாயை நாற்காலிக் காலில் கட்டியிருந்தாள். விலா எலும்பு தெரியத் தூங்கிக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்ததும் பேச்சி உதட்டில் விரல் வைத்தாள். சேட்டின் மூக்கு ஒருமுறை சுருங்கி விரிந்தது. கண் திறக்காமலே வால் தரையைத் தட்டியது.

போயிருங்க என்று பேச்சி வாயசைத்தாள்.

தவமணி திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் உள்ளே நாற்காலி கவிழும் சத்தம் கேட்டது.

"வேணாம்டா சேட்டு!"

திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டான். பின்னால் தெருவில் சங்கிலி இழுபடும் சத்தமும் வேகமெடுத்தது.