செல்போனுக்கு ஒரு நாற்காலி

கரண்ட் வந்து பத்து நிமிடம் ஆகியும் தெருவில் கூச்சல் அடங்கவில்லை. எரிபெர்த்தோ மூன்றாவது முறையாகச் செல்போனைத் தூக்கி, தான் செய்த மரத்தாங்கியில் உட்கார வைத்தார்.

முதல் முறை அது குப்புற விழுந்தது. இரண்டாவது முறை நின்றது; ஆனால் சார்ஜர் ஒயர் நழுவிவிட்டது.

தப்பு ஒயர்மேல் இல்லை. போனில் அது நுழைகிற துளை தேய்ந்து அகலமாகிவிட்டது. இடப்பக்கம் சாய்த்து விரலால் அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். விரலை எடுத்தால் அரை நிமிடத்தில் போன் அணைந்துவிடும். பேட்டரி அவ்வளவு பழசு.

கடல் தாண்டி மாண்டிவிடியோவுக்கு வேலைக்குப் போன மகள் லெய்டிஸ் கூப்பிடும்போதெல்லாம், அவர் மனைவி சொராய்தா அப்படி ஒரு கையால் ஒயரை அழுத்திக்கொண்டேதான் பேசுவாள்.

நான்கு மாதமாக.

போன ஞாயிறு மகள் பொறுமை இழந்துவிட்டாள். அம்மா சொல்வதில் பாதி புரியவே இல்லையாம். இனிமேல் எழுதியே அனுப்பினால் போதுமாம்.

அன்று சொராய்தா காபியைத் தொடவில்லை. அவர்கள் ஊரான சந்தியாகோவில் ஒரு மனுஷி காபியைத் தொடவில்லை என்றால் விஷயம் பெரிது.

மறுநாளே எரிபெர்த்தோ உடைந்த ரேடியோவின் பின்பலகையை அறுத்தார். சைக்கிள் பிரேக்கின் ஸ்பிரிங்கை அதில் பொருத்தினார். ரப்பர் செருப்பை வெட்டி, ஒயரின் தலைக்கு ஒரு தலையணை வைத்தார்.

இப்போது பக்கத்து வீட்டு நியேவெஸ் ஜன்னலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். "என்ன எரிபெர்த்தோ, போனுக்கு நாற்காலியா? எங்க வீட்ல மனுசங்களுக்கே ரெண்டுதான் இருக்கு!"

அவர் ரப்பரைக் கத்தியால் நெல்லளவு சீவினார். ஒயரைச் செருகினார். மெல்ல விரலை எடுத்தார்.

திரையில் பேட்டரிக் குறி பச்சையாக ஒளிர்ந்தது. அணையவில்லை. நியேவெஸ்கூட எட்டிப் பார்த்தாள்.

அப்போதே போன் அதிர்ந்தது. மகள்தான்.

சொராய்தா ஓடிவந்து எதிரே உட்கார்ந்தாள். பழக்கத்தில் அவள் இடக்கை ஒயரைப் பிடிக்கப் போனது. எரிபெர்த்தோ அதைச் செல்லமாகத் தட்டிவிட்டார்.

சொராய்தா இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

விரல்கள் விரிந்தன, மடங்கின, நெஞ்சைத் தொட்டன, கன்னத்தைத் தொட்டன, ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறந்தன. நான்கு மாதப் பேச்சு.

பிறந்ததிலிருந்து எந்தக் குரலையும் கேட்டறியாத லெய்டிஸ், திரையில் அந்த இரண்டு கைகளையும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தபடி தன் கைகளை அசைத்தாள்.

"என்ன சொல்றா, என்ன சொல்றா?" என்றாள் நியேவெஸ்.

எரிபெர்த்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"'போதும்மா, கொஞ்சம் கையை இறக்கு, நானும் பேசணும்'ங்கிறா."