காக்ஸ் டவுனில் ஒரு சிவப்புப் புள்ளி

செயற்கைக்கோள் படங்களில் யுரேனியச் சுரங்கங்களையும் ஆலைகளையும் கண்டுபிடிப்பது ஜெசிந்தாவின் வேலை. ஆலைக் கழிவுக் குட்டையின் நிறத்தைக் கம்ப்யூட்டருக்கு ஒருமுறை பழக்கிவிட்டால் போதும், எந்தப் படத்தில் அது தென்பட்டாலும் சிவப்புப் புள்ளி வைத்துவிடும்.

பெங்களூர் படம் புதிதாக வந்தால் அவரவர் வீட்டைத் தேடிப் பார்ப்பது அந்த ஆபீஸில் எல்லோருக்கும் பழக்கம். 1998 மார்ச்சில் ஜெசிந்தாவும் பார்த்தாள். அதை மூட மறந்து, புள்ளி வைக்கும் ப்ரோக்ராமை ஓட்டிவிட்டாள். ஊர் முழுக்க ஒரே ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. காக்ஸ் டவுனில், அவள் வீட்டின் மேல். அப்படியொரு யுரேனிய ஆலையில் பாதி ஆயுள் உழைத்துவிட்டு வந்த அவள் கணவர் அருளப்பன் அங்கேதான் இருமிக்கொண்டு படுத்திருந்தார்.

"சாப்ட்வேர்ல ஏதோ ப்ராப்ளம் மேடம், விட்டுடுங்க," என்றான் பக்கத்து சீட் உமேஷ்.

மே மாதம் அருளப்பனைக் கல்பள்ளி கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அடுத்து வந்த படத்தில் புள்ளி கல்லறைக்குப் போயிருந்தது. ஜெசிந்தா அழவில்லை. அது அங்கேதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

நவம்பர் படத்தை உமேஷ்தான் முதலில் பார்த்தான்.

"மேடம், அந்தப் புள்ளி திரும்ப உங்க வீட்டுக்கே வந்திருக்கு."

"ஆமா," என்றாள் ஜெசிந்தா. "அடுத்த படத்தைப் போடுப்பா."

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, பால் பாக்கெட் ஒன்று கூடுதலாக வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்று சாவியை எடுத்தாள். பிறகு அதைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, காலிங் பெல்லை அழுத்தினாள்.

அவர் எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும்.