எட்டாவது மீன்

“என் படத்தை உள்ள நுழைஞ்சதுமே கண்ணுல படற மாதிரி மாட்டுங்கப்பா. என் பொண்டாட்டி பார்க்கணும்” என்றேன்.

எங்கள் கோரண்டா ஏரித் தூண்டில் சங்கத்துச் சுவரில் ஏழு பாரமுண்டி மீன்கள் படமாகத் தொங்கின. ஏழும் மற்றவர்கள் பிடித்தவை. ஒன்பது வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்தபடி குடித்ததில் என் பியர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே கசந்தது.

நான் சங்கத்தில் சேர்ந்தபோது ஒரு மீட்டர் நீள மீன் பிடித்தவன் பெரிய மனிதன். நானும் முக்கி முனகி ஒரு மீட்டர் மீன் ஒன்றைப் பிடித்து, அளந்து, படம் எடுத்து, வழக்கப்படி ஏரியிலேயே விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தேன்.

“மீட்டரா?” என்றார் தலைவர் லைல். சுவரில் முதல் படம் அவருடையதுதான். “நேத்து ராட்னி ஒரு மீட்டர் எட்டு சென்டி பிடிச்சுட்டானே மாப்ள. மீட்டர் மீனை இப்ப எங்க வீட்டுப் பூனைகூட மதிக்கறதில்ல.”

கடைசிப் படத்தை மிஞ்சினால்தான் அடுத்த படம் ஏறும் என்பது சங்கத்துச் சட்டம். நான் ஒன்று பத்து பிடித்த வருஷம் சுவர் ஒன்று பதினைந்துக்குப் போயிருந்தது. நான் ஒன்று பதினாறு பிடித்தபோது மெர்வின் ஒன்று பத்தொன்பதோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் பிடித்த மீன் ஒவ்வொன்றும் போன வருஷத்து வீரன்.

போன மாதம் என் மனைவி கிளெனிஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“இந்தக் கிறிஸ்துமஸுக்குள்ள நீ சுவத்துல ஏறல, படகை வித்துட்டு சமையல்கட்டுத் தரைக்கு ஓடு மாத்திடுவேன், டெஸ். ஒன்பது வருஷமா மீனும் வரல, ஓடும் வரல.”

படகு போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அக்காவோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டிவரும். நான் உண்மையிலேயே பயந்துபோனேன்.

நேற்றுக் காலை தனியாகத்தான் போனேன். தோற்றால் பார்க்க ஆள் இருக்கக்கூடாது அல்லவா? காற்று தள்ளும் கரையோரம், நீருக்குள் செத்து நிற்கும் மரங்களுக்கு நடுவில் ரப்பர் மீனை வீசினேன். வீசியது மரத்தில் சிக்கியது. சிக்கிய மரம் திடீரென்று ஓட ஆரம்பித்தது.

அப்புறம் நடந்ததை வீரமாகச் சொல்ல ஆசைதான். உண்மையில் நான் “அம்மா” என்று கத்தினேன், செருப்பு ஒன்றைத் தண்ணீரில் விட்டேன், வலைக்குள் மீனுக்கு முன்னால் நானே விழப் பார்த்தேன். எப்படியோ அவள் படகுக்குள் வந்தாள். இந்த அளவுக்கு வளர்ந்த பாரமுண்டி எல்லாம் பெண்தான்.

அளவுப்பாயில் கிடத்தி, வாயை மூடிவைத்துப் பார்த்தேன். ஒன்று இருபத்தொன்று! கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். அதேதான்.

ஒரே ஒரு குறை. இடது கன்னத்தில், செவுள் மூடியின்மேல், பிறை நிலா மாதிரி ஒரு பழைய வடு. அழகியின் முகத்தில் இது என்ன என்று எனக்கே வருத்தமாக இருந்தது. போதாததற்கு, மெர்வின் அதைப் பார்த்தால் நோஞ்சான் மீனைப் பிடித்துவிட்டேன் என்று ஈஸ்டர்வரை கேலி செய்வான்.

நல்லவேளை, சுவர்ப் படங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றில் எல்லாரும் மீனின் இடது கன்னத்தைக் காதலியின் கன்னம்போல உள்ளங்கையால் தாங்கிக்கொண்டுதான் நிற்பார்கள். அது எங்கள் சங்கத்து ஸ்டைல். நானும் அப்படியே வடுவின்மேல் கையைப் பொத்தி, ஐஸ் பெட்டிமேல் போனை நிறுத்திப் படம் எடுத்தேன். பிறகு அவளை நீரில் பிடித்து மெல்ல ஆட்டினேன். வாலால் என் முகத்தில் ஒரு அறை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது லைல் ஆணி அடித்து முடித்தார். எட்டாவது படம் ஏறியது. வாசலில் சாசேஜ் வாங்கிக்கொண்டு கிளெனிஸ் உள்ளே வந்தாள். படத்தின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“மீன் லட்சணமாத்தான் இருக்கு. நீதான் கண்ணெல்லாம் பிதுங்கிப்போய் இருக்க.”

“படகு?”

“இருந்துட்டுப் போகட்டும், போ.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாசேஜில் தடவிய கடுகு விழுதுதான் கண்ணில் பட்டுவிட்டது என்று அவளிடம் சொன்னேன். சுவரில் இருக்கும் ஏழு பேரும் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். மெர்வின்கூடக் கேலி செய்யவில்லை. படத்தில் என் கையை உற்றுப் பார்த்துவிட்டு, முதுகில் தட்டிக்கொடுத்தான்.

“ஒன்பது வருஷம் ஆனாலும் சாதிச்சுட்டேன் பார்த்தீங்களா! என்னை மாதிரி ஆளுக்கு அவளா வந்து மாட்டுவா? எல்லாம் திறமை!” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

லைல் சுற்றுமுற்றும் பார்த்தார். கிளெனிஸ் சாஸ் எடுக்கப் போயிருந்தாள். என் தோளில் கைபோட்டு, காதோரம் குனிந்து சொன்னார்:

“அந்தப் பிறை வடுவை நல்லா மறைச்சுட்ட மாப்ள. நாங்க ஏழு பேரும் இப்படித்தான் மறைச்சோம்.”