தெருமுனைக் குழிக்கு யார் பொறுப்பு?

"இந்த ஆளை வேலையை விட்டுத் தூக்குங்க. என் காருக்கு நஷ்டஈடு குடுங்க. ரெண்டும் நடக்காம நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

நரசிம்மனின் குரல் பேரூராட்சி அலுவலகத்தின் வாசல் வரை கேட்டது. ஒரகடத்தில் இரண்டு கம்பெனிகளுக்கு கேன்டீன் நடத்துகிறவர், ஊரில் பெரிய புள்ளி. மனு, போட்டோ, ஒர்க்ஷாப் எஸ்டிமேட், வக்கீல் நோட்டீஸ் என்று மேசையை நிரப்பி வைத்திருந்தார்.

பொறியாளர் காந்திமதி மனுவைப் படித்தார். பள்ளிக்கூடத் தெரு முனையில் உள்ள குழியில் கார் இறங்கி, முன் சக்கர ரிம் வளைந்து, அடியில் ஆயில் சேம்பர் உடைந்துவிட்டது.

"மழைத் தண்ணி நின்னா அங்க குழி இருக்குன்னு எப்படி மேடம் தெரியும்? பக்கத்துல என் சம்சாரம். நெத்தி மோதி புடைச்சுக்கிட்டு வீட்ல படுத்திருக்கா."

அவர் கை நீட்டிக் காட்டிய 'இந்த ஆள்' சுவரோரம் நின்றிருந்தார். சாலைப் பணியாளர் பச்சையப்பன். பதினோரு வருடமாகத் தினக்கூலி. வேலையை நிரந்தரமாக்கும் பட்டியலில் இந்த மாதம்தான் அவர் பெயர் ஏறியிருந்தது. ஒரு மெமோ விழுந்தால் போதும், பெயர் அடிபட்டுவிடும். இது நரசிம்மனுக்கும் தெரியும். தெரிந்துதான் வந்திருந்தார்.

"பச்சையப்பன், அந்தக் குழியை ஏன் மூடலை?"

"மூணு தபா மூடினேன் மேடம். ஜல்லி கொட்டி இடிச்சுதான் வுட்டேன். கன்டெய்னர் லாரி ஏறி ஏறி மறுபடியும் உள்ள எறங்கிடுது."

"ரோடு போட்டு ஒன்றரை வருஷம்தான் ஆகுது. அந்த எடத்துல மட்டும் ஏன் இறங்குது?"

பச்சையப்பன் தரையைப் பார்த்தார். "தெரியல மேடம்."

"முழிக்கிறதைப் பாத்தீங்களா? ஜல்லியை வித்துத் தின்னிருப்பான்," என்றார் நரசிம்மன்.

காந்திமதிக்கும் லேசாக அந்தச் சந்தேகம் தட்டியது. கேள்விக்கு பதில் சொல்லாமல் தரையைப் பார்க்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது.

"கடப்பாரையை எடுத்துக்கிட்டு வாங்க. நேர்லயே பாத்துடுவோம்."

தெருமுனையில் ஷிப்ட் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. பச்சையப்பன் வாளியால் குழித் தண்ணீரை இறைத்தார். காந்திமதி டேப் வைத்து அளந்தார். நரசிம்மன் செல்போனை உயர்த்திப் பிடித்து, "பாருங்க மக்களே, நாம வரி கட்டுற ஊரோட லட்சணத்தை," என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த நடுவுல குத்துங்க," என்றார் காந்திமதி.

பச்சையப்பன் தயங்கினார். பிறகு குத்தினார். கடப்பாரை மண்ணில் இறங்கவில்லை, மரத்தில் இறங்கியது. நெம்பியதும் அழுகிய சவுக்குக் கட்டை ஒன்று வெளியே வந்தது. அதன் மேல்பக்கம் ரம்பத்தால் அறுபட்டிருந்தது.

காந்திமதி சாலையைக் கடந்து போய்ப் பார்த்தார். நேர் எதிரே, அந்த ஓரத்திலும் தார் வெடித்துக் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது.

"யாரோ விசேஷத்துக்கு வரவேற்பு வளைவு வெச்சிருக்காங்க. தார் ரோட்டைத் தோண்டிக் கால் நட்டிருக்காங்க. பிடுங்க வரலைன்னதும் அறுத்துட்டு, மேல மண்ணைத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. கட்டை மக்க மக்க ரோடு உள்ள போகுது." அவருக்குக் கோபம் ஏறியது. "சார், இதுக்கு நஷ்டஈடு பேரூராட்சி குடுக்க வேண்டியதில்லை. வளைவு வெச்சவங்கதான் குடுக்கணும். அவங்க மேல போலீஸ் கேஸும் உண்டு. பச்சையப்பன், தினம் இந்தத் தெருவுலதான் நிக்கிறீங்க. யார் வீட்டு விசேஷம்?"

"தெரியாது மேடம்."

"மூணு தடவை குழியை மூடினவருக்கு இந்தக் கட்டை கண்ணுல படலையா?"

நரசிம்மன் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பேரைச் சொன்னா நீங்க தப்பிச்சீங்க. இல்லைன்னா, தெரிஞ்சே மறைச்சீங்கன்னு உங்களுக்குத்தான் மெமோ. பட்டியல்ல உங்க பேர் நிக்காது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

பச்சையப்பன் வாளியைக் கீழே வைத்தார். ஈரக் கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வூடு தேடி வந்து பத்திரிகை வச்சாங்க மேடம். எங்க தெருவுல ஒரு வூடு வுடாம கூப்ட்டாங்க. பொண்டாட்டி புள்ளைங்களோட போயி, மொத பந்தியில குந்திகினு சாப்ட்டோம். கை நனைச்ச வூட்டை போலீசுல எப்படிக் காட்டிக் குடுக்கிறது? மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன்."

"ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதினோரு வருஷத்தைத் தூக்கிப் போடுறீங்களே?"

"அதெல்லாம் அப்படித்தான் மேடம்."

காந்திமதி ஜீப் பானட்டின் மேல் பேப்பரை வைத்து மெமோவை விறுவிறுவென்று எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார்.

"இங்க கையெழுத்துப் போடுங்க."

பச்சையப்பன் பேனாவை வாங்கிக் குனிந்தார். அவர் தோளுக்கு மேலாக ஒரு கை வந்து அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டது.

நரசிம்மனின் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"இதைக் கிழிச்சிடுங்க மேடம். அவர் சாப்பிட்டது என் பையன் கல்யாணத்துல."