சல்லடை

"இது ஆளே இல்ல சார், மெஷின்" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள் பொறியாளர்ப் பெண். "தினமும் ஒரே ஆளுக்கு ஒரே வரி. அந்தப் பக்கத்துலேருந்து ஒரு 'ம்' கூடக் கிடையாது. இருந்தும் விடாம அனுப்பிக்கிட்டே இருக்கு. வெக்கம் மானம் இல்லாத மெஷின்!"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். முதலாளி மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்தான் இருந்தது. அதன் கீழே அந்த ஒற்றை வரி, மேலிருந்து கீழ்வரை: 'சாப்பிட்டியா பாப்பா?'

"அது மெஷின் இல்லம்மா" என்றார் மெதுவாக. "நான்."

சிரிப்பு சட்டென்று அடங்கியது. அவளை மட்டும் தன் அறைக்குள் வரச்சொல்லிக் கதவைச் சாத்தினார்.

ஊர் உலகமெல்லாம் உட்கார்ந்து அரட்டையடிக்கும் அந்தச் செயலி அவருடைய மூளையில் பிறந்தது. போலிக் கணக்குகள் புற்றீசலாகக் கிளம்பியபோது, அவற்றைப் பிடிக்கச் 'சல்லடை' என்ற விதியை எழுதியவரும் அவர்தான். "பதில் வராத இடத்துக்கு மறுபடி மறுபடி எழுதறது மனுஷ சுபாவமே இல்ல" என்று மேடை மேடையாகப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். சிக்கிய கணக்கைச் சல்லடை அழிக்காது. சத்தமில்லாமல் அடைத்து வைத்துவிடும். எழுதுகிறவருக்கு எல்லாம் போய்ச் சேர்ந்ததுபோலவே தெரியும்.

திடீரென்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்போ நான் எழுதினது எதுவுமே என் பொண்ணுக்குப் போகலையா? அதனாலதான் அவ பதில் போடலையா?"

ஆமாம் என்று மட்டும் அவள் சொல்லிவிட்டால் போதும், பாதிக் கம்பெனியை எழுதிக் கொடுத்திருப்பார்.

"இல்ல சார். நம்ம ஆபீஸ்காரங்க கணக்குக்குச் சல்லடையிலேருந்து இருந்த விலக்கை எடுக்கச் சொன்னீங்க இல்லையா, அதை நேத்துதான் எடுத்தோம். அதுவரைக்கும் உங்க பக்கத்துலேருந்து எல்லாம் ஒழுங்காத்தான் போயிருக்கு" என்றவள் தயங்கினாள். "எதையும் திறந்து பார்க்கலை, அவ்வளவுதான்."

மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சல்லடை தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. வீடு என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அங்கிருந்து மகள் கொஞ்ச நாள் எழுதிக்கொண்டிருந்தாள். சல்லடை வெளியாகி, ஆபீசே கொண்டாடி ஓய்ந்தபின் பார்த்தால், அதுவும் நின்றிருந்தது. கோபம் என்று நினைத்துக்கொண்டார். அதன்பிறகுதான் இவர் எழுத ஆரம்பித்தார்.

மனைவிக்குப் போன் போட்டால், "அது அப்பாவுக்கும் பொண்ணுக்கும் உள்ள விவகாரம், என்னை நடுவுல இழுக்காதீங்க" என்று வைத்துவிடுவாள். நேரில் போனபோது மச்சான் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார். "குழந்தை கேட்டப்போ எல்லாம் வாயைத் திறக்கலை. இப்ப என்ன மாப்பிள்ளை, பாசம் பொத்துக்கிட்டு வருது?" மாடியில் மகள் இருந்த அறையின் ஜன்னல் சாத்தியே கிடந்தது. வந்த வழியே திரும்பினார்.

அவர் தின்ற சாண்ட்விச்சைப் படம் பிடித்துப் போட்டால் முகம் தெரியாத ஆயிரம் பேர் இதயத்தைப் பறக்கவிடுவார்கள். பெற்ற மகளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க அவருக்கு வழி தெரியவில்லை. யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? எல்லோரும் அவரிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள்.

"சரிம்மா, என்னை வெளியில எடுத்து விட்டுடு. இன்னிக்கும் அவளுக்கு எழுதணும்."

"திறக்கவே மாட்டேங்கறாங்களே சார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அதனால என்ன? எழுதாம இருக்க முடியலையேம்மா."

அவளுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "ஒரே நிமிஷம் சார். வாங்கறவங்க கணக்கையும் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் விடணும். நீங்க வெச்ச விதிதான்" என்று மடிக்கணினியை இழுத்து வைத்துத் தட்டினாள். தட்டிக்கொண்டிருந்த விரல்கள் பாதியில் நின்றன.

"என்னம்மா, என்னை பிளாக் பண்ணிட்டாளா?" அதையும் கேட்டுக்கொள்ள அவர் தயாராகத்தான் இருந்தார்.

"இல்ல சார். இந்தக் கணக்கும் சல்லடைக்குள்ளதான் இருக்கு. சல்லடை வந்த முதல் நாளே பிடிச்சுப் போட்டிருக்கு. உள்ளே இருக்கறவங்களுக்கு வெளியிலேருந்தும் எதுவும் போகாது சார். நீங்க எழுதினது ஒண்ணுகூட அவங்க கண்ணுல பட்டிருக்காது."

"என் பொண்ணையா? அவ என்ன பண்ணா?"

"நீங்க பண்ணதேதான் சார். தினமும் ஒரே ஆளுக்கு ஒரே வரி. 'அப்பா, பிஸியா?'ன்னு. அந்தப் பக்கத்துலேருந்து பதிலே வரலை."

அந்தப் பக்கம் எது என்று அவள் சொல்லவில்லை. கூட்டத்தின் நடுவே மேசைமேல் போன் சிணுங்குவதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைக் கவிழ்த்து வைத்ததும் அவருக்கு ஞாபகம் வந்தன. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பாவிம்மா நான்" என்றார் குரல் உடைந்து. "பார்த்துப் பார்த்து அவளுக்கும் வெறுத்துப்போயிருக்கும். எப்பவோ எழுதறதை விட்டிருப்பா, இல்ல?"

பொறியாளர்ப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இன்னிக்குக் காலையிலயும் எழுதியிருக்காங்க சார்."